அமெரிக்கா வரி போட்டால் ஆம்பூரில் ஓவர்டைம் ஏன் நிற்கிறது? வடாற்காட்டு வீடுகளில் கேட்கப்படும் கேள்விகள்

ஆம்பூர், பேர்ணாம்பட்டு, குடியாத்தம் பக்கம் உள்ள சிறு யூனிட்டுகளுக்குக் கணக்கு எழுதுவதும், ஜிஎஸ்டி, பி.எஃப். தாக்கல் செய்து கொடுப்பதும் என் பிழைப்பு. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று 2019-இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்துவிட்டது. ஆனாலும் எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்கு இது இன்னும் வடாற்காடுதான். கணக்குக்காக வருகிறவர்கள் கணக்கை முடித்துக்கொண்டு உடனே கிளம்புவதில்லை. டி.வி.யில் பார்த்த ஏதோ ஒன்றைச் சொல்லி, "இதனால் நமக்கு என்ன ஆகும்?" என்று கேட்பார்கள். 2025-ஆம் ஆண்டுச் செய்திகளை ஒட்டி அப்படி அடிக்கடி வந்த கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

அமெரிக்கா எங்கோ இருக்கிறது. அவர்கள் வரி போட்டால் ஆம்பூர் ஷூ கம்பெனியில் எங்கள் ஓவர்டைம் ஏன் நிற்க வேண்டும்?

2025 ஆகஸ்ட் 7 அன்று இந்தியச் சரக்குகளுக்கு அமெரிக்கா 25 சதவீதம் கூடுதல் வரி விதித்தது. ரஷ்யாவிடம் கச்சா எண்ணெய் வாங்குவதைக் காரணம் காட்டி, ஆகஸ்ட் 27 முதல் மேலும் 25 சதவீதம் சேர்த்தது. அப்போது மொத்தம் 50. அந்தச் சமயத்தில் வியட்நாம் சரக்குக்கும் வங்கதேசச் சரக்குக்கும் 20 சதவீதம்தான்.

இந்த வரியைத் துறைமுகத்தில் கட்டுகிறவர் அங்கே சரக்கு வாங்கும் வியாபாரி. அவர் தன் கையிலிருந்து முழுவதையும் கட்டிவிட்டுச் சும்மா இருக்க மாட்டார். "விலையைக் குறைத்துக்கொடுங்கள்" என்று இங்குள்ள கம்பெனியிடம் கேட்பார். கட்டுபடியாகாவிட்டால் அடுத்த ஆர்டரை வேறு நாட்டுக்குக் கொடுத்துவிடுவார்.

ஷூ ஆர்டர் சீசனுக்குப் பல மாதங்கள் முன்பே போடப்படுகிறது. அதனால் செய்தி வந்த அன்று எதுவும் நடக்காது. கையில் இருக்கும் ஆர்டர் ஓடிக்கொண்டிருக்கும். "ஒன்றும் ஆகவில்லையே, சும்மா பயமுறுத்தினார்கள்" என்று தோன்றும். அடுத்த சீசன் ஆர்டர் சுருங்கும்போதுதான் அடி விழும். அதுவும் எல்லோருக்கும் ஒரே நாளில் விழாது. வீட்டில் உட்கார்ந்து கையால் அப்பர் (ஷூவின் மேல்பகுதி) தைக்கும் பெண்களுக்கு முதலில் வேலை நிற்கும். அதன்பின் ஜாப் ஒர்க் வாங்கி ஓட்டும் சிறு யூனிட். பிறகு கம்பெனிக்குள் ஓவர்டைம். ஒப்பந்தத் தொழிலாளியும் நிரந்தரத் தொழிலாளியும் அதற்கு அடுத்த வரிசை.

பேர்ணாம்பட்டிலிருந்து வரும் ஒரு அக்கா அந்த ஆண்டு இறுதியில் என்னிடம் சொன்னது ஒரே வரிதான்: "இந்த வாரம் மூட்டை வரவில்லை, தம்பி." தைக்க வேண்டிய அப்பர் மூட்டையாகக் கட்டி ஏஜென்ட் வண்டியில் வரும். வண்டி வந்தால் வேலை, வராவிட்டால் இல்லை. அவருக்கு யாரும் நோட்டீஸ் கொடுக்கவில்லை. எந்தப் பதிவேட்டிலும் அவர் பெயர் இல்லை என்பதால், வேலை போனதாகக்கூட எங்கும் கணக்கு வராது. "ஏற்றுமதி பாதிப்பு" என்று செய்தியில் வரும்போது எனக்கு அந்த வராத மூட்டைதான் நினைவுக்கு வருகிறது.

நீங்கள் விசாரிக்க வேண்டியது ஒன்றுதான்: உங்கள் கம்பெனி ஷூ எந்த நாட்டுக்குப் போகிறது? நம் பக்கத்து ஷூவில் பெரும்பகுதி ஜெர்மனி, பிரிட்டன், இத்தாலி என்று ஐரோப்பாவுக்குப் போகிறது. அங்குள்ள பையர்களை, அதாவது சரக்கு வாங்கும் வியாபாரிகளை, நம்பி இருக்கும் கம்பெனிக்கு அமெரிக்க வரி நேரடியாகப் படாது. பிரிட்டனுடன் 2025 ஜூலை 24 அன்று இந்தியா வர்த்தக ஒப்பந்தம் செய்துகொண்டது. அது நடைமுறைக்கு வந்தால் நம் தோல் காலணிக்கு அங்கே இறக்குமதி வரி இருக்காது. சூப்பர்வைசரிடம் கேட்டாலே யார் பையர் என்று சொல்லிவிடுவார்.

டாலர் 90 ரூபாயைத் தாண்டிவிட்டது. அப்படியானால் ஏற்றுமதிக் கம்பெனிக்கு லாபம்தானே? அது எங்களுக்கு வருமா?

2025 டிசம்பரில் தாண்டியது. டாலரில் பணம் வாங்குகிறவருக்கு ரூபாய்க் கணக்கில் கூடுதலாக வரும் என்பது சரிதான். ஆனால் தோல் பதனிடும் ரசாயனம், சோல், பக்கிள், மேல்தரத் தோல் என்று அவர் டாலரில் வாங்குவதும் உண்டு. பெரிய பையர்கள் ரூபாய் இறங்கியதைப் பார்த்தவுடன் விலையைக் குறைக்கச் சொல்லிக் கேட்பார்கள். மிச்சம் நிற்பது கொஞ்சம். கூலி பேசும் நேரத்தில் இந்த விவரம் உங்கள் கையில் இருந்தால் நல்லது. தானாகக் கூலி உயர்ந்ததை நான் என் கணக்குப் புத்தகங்களில் பார்த்ததில்லை.

பணவீக்கம் வரலாறு காணாத அளவுக்குக் குறைந்துவிட்டது என்கிறார்கள். நேதாஜி மார்க்கெட்டில் எனக்கு அப்படித் தெரியவில்லையே?

2025 அக்டோபரில் சில்லறைப் பணவீக்கம் 0.25 சதவீதம் என்று வந்தது. அப்போதிருந்த வரிசையிலேயே அதுதான் மிகக் குறைவு. எண் உண்மை. நீங்கள் சொல்வதும் உண்மை.

பணவீக்கம் என்பது விலையின் அளவு அல்ல; விலை ஏறும் வேகம். 100 ரூபாய்ப் பொருள் ஒரு ஆண்டில் 140 ஆகி, அடுத்த ஆண்டு அங்கேயே நின்றுவிட்டால் அந்த அடுத்த ஆண்டுப் பணவீக்கம் பூஜ்யம். ஆனால் நீங்கள் கொடுப்பது 140. இன்னொன்று: அந்தக் கணக்கில் உணவுக்கும் பானத்துக்கும் நூற்றுக்கு ஏறக்குறைய 46 பங்கு கொடுத்திருந்தார்கள். முந்தைய ஆண்டு தாறுமாறாக ஏறியிருந்த காய்கறி விலை இறங்கியதால் மொத்த எண்ணும் இறங்கியது. உங்கள் வீட்டில் பெரிய செலவு பிள்ளையின் கல்லூரிக் கட்டணமும் மாமியாரின் சர்க்கரை மாத்திரையும் என்றால், தக்காளி இறங்கியது உங்களுக்குப் பெரிதாகத் தெரியாது.

இலவம்பாடியில் முள்ளு கத்தரிக்காய் போட்டவரைக் கேட்டால் மூன்றாவதாக ஒரு பதில் வரும். காய்கறி விலை இறங்கியது என்ற நல்ல செய்தி அவருக்கு நஷ்டச் செய்தி. புவிசார் குறியீடு வாங்கிய கத்தரிக்காய்தான். ஆனால் வரத்து கூடிய நாளில் மண்டியில் குறியீட்டை யார் பார்க்கிறார்கள்?

2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி குறைந்தது. எதில் நமக்கு மிச்சம்?

12, 28 என்ற படிகளை எடுத்துவிட்டு, பெரும்பாலான பொருட்களை 5, 18 என்ற இரண்டில் அடக்கினார்கள். நம் வீடுகளுக்கு நேராக உதவுகிறவை இவை: சோப்பு, பற்பசை, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் 18-இலிருந்து 5. மருந்துகள் பெரும்பாலும் 12-இலிருந்து 5. தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு வரியே இல்லை, முன்பு 18. ஜோடி 2,500 ரூபாய் வரையிலான காலணிக்கு 5. முன்பு 1,000 ரூபாய் வரை 12, அதற்கு மேல் 18.

காலணியைத் தைக்கிற ஊரில் இருப்பதால் ஒரு கணக்குச் சொல்கிறேன். வரி சேர்க்காமல் 1,000 ரூபாய் உள்ள ஜோடிக்கு முன்பு 1,120 கொடுத்தீர்கள். இப்போது 1,050. கடைக்காரர் அதே 1,120 வாங்கினால் வரிக்குறைப்பில் உங்களுக்கு மிச்சமாக வேண்டிய 70 ரூபாய் வராமல் போகிறது. பில் கேளுங்கள். பில்லில் வரி எவ்வளவு என்று பாருங்கள். பழைய வரியே போட்டிருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். விலை ஏறும்போது அன்று மாலையே ஏறுகிறது. இறங்கும்போது நாம் கேட்டால்தான் இறங்குகிறது.

சிலிண்டர் விலை?

வீட்டு சிலிண்டருக்கு 2025 ஏப்ரலில் 50 ரூபாய் ஏறியது. ஓட்டல்களுக்கான 19 கிலோ சிலிண்டர் விலை மாதாமாதம் 1-ஆம் தேதி மாறும். ஏறவும் செய்யும், இறங்கவும் செய்யும். ஏறிய மாதம் பிரியாணி பிளேட்டுக்குப் பத்து ரூபாய் கூடும். இறங்கிய மாதம் அந்தப் பத்து ரூபாய் திரும்பி வராது.

பீடிக்கு வரி குறைந்தால் சுற்றுகிற எங்களுக்குக் கூலி கூடுமா?

2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி கவுன்சில் பீடிக்கான வரியை 28-இலிருந்து 18 ஆகவும், இலைக்கான வரியை 18-இலிருந்து 5 ஆகவும் குறைக்க முடிவெடுத்தது. ஆனால் பீடி, சிகரெட் போன்றவற்றுக்குப் புதிய வரி செப்டம்பர் 22 அன்றே அமலாகவில்லை. பின்னால் என்று தள்ளிவைத்தார்கள். "குறைத்துவிட்டார்கள்" என்று படித்தவுடன் எப்போது முதல் என்று தேட வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

கூலி விஷயத்துக்கு வருகிறேன். குடியாத்தத்தில் என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு பெரியம்மா இருக்கிறார். காலையில் இலையை நனைத்து வைப்பார். பதியவைத்த இலையைத் தகரத் துண்டை மேலே வைத்து அளவாக வெட்டுவார். முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, தூளை ஒரு சிட்டிகை வைத்து உருட்டி, நுனியை நகத்தால் மடக்கி, நூல் சுற்றுவார். பேசிக்கொண்டே செய்வார்; கண் கையைப் பார்க்காது. கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று. சாயந்திரம் கொண்டுபோய்க் கொடுக்கும் இடத்தில் சரியில்லை என்று ஒரு கை அள்ளி ஒதுக்குவார்கள். அதற்குக் கூலி இல்லை. இலைக்கும் தூளுக்கும் அவர்தான் பொறுப்பு.

வரி குறைந்தால் கம்பெனிக்கு ஆயிரத்துக்கு எவ்வளவு மிச்சம் என்பது கம்பெனிக்குத் தெரியும். அதில் பெரியம்மாவுக்குப் பங்கு வர வேண்டுமானால் தொழிற்சங்கம் கூலிப் பேச்சில் அதை எடுத்து வைக்க வேண்டும். வேறு வழி இல்லை. பீடித் தொழிலாளர் நல நிதிக்காக முன்பு தனியாக ஒரு செஸ் (கூடுதல் தீர்வை) வசூலித்தார்கள். 2017-இல் ஜிஎஸ்டி வந்தபோது அது எடுக்கப்பட்டது. பிள்ளைகளின் கல்வி உதவித்தொகையும் மருத்துவ உதவியும் இப்போது பட்ஜெட் ஒதுக்கீட்டை நம்பி நிற்கின்றன. ஆகவே இந்த வீடுகளுக்கு பட்ஜெட் செய்தி வேறு யாருக்கோ உரியது அல்ல.

டாக்காவில் ஆட்சி மாறினால் வேலூர் லாட்ஜில் ஏன் அறை காலியாகிறது?

சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள காந்தி ரோட்டிலும் பாபு ராவ் தெருவிலும் நடந்தவர்களுக்குத் தெரியும். கடைப் பலகைகளில் தமிழுக்குப் பக்கத்திலேயே வங்க எழுத்து இருக்கும். மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், அசாம் ஆகிய மாநிலங்களிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். சிகிச்சை வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நீளும். அதனால் அறையிலேயே சமைத்துக்கொள்ள அடுப்பும் பாத்திரமும் வாடகைக்குக் கிடைக்கும். மீன் சாப்பாட்டு மெஸ், மருந்துக்கடை, காட்பாடி ஸ்டேஷன் ஆட்டோ, துணி துவைப்பவர், மொழிபெயர்த்து உதவுகிறவர் என்று அந்த ஒரு நோயாளிக் குடும்பத்தைச் சுற்றிப் பல குடும்பங்கள் பிழைக்கின்றன.

2024 ஆகஸ்ட் 5 அன்று வங்கதேசப் பிரதமர் ஷேக் ஹசீனா பதவி விலகி இந்தியாவுக்கு வந்தார். அதன்பின் வங்கதேசத்தில் இந்திய விசா மையங்களின் வேலை வெகுவாகக் குறைந்தது. மருத்துவம் போன்ற அவசரக் காரணங்களுக்கு மட்டும், அதுவும் குறைந்த எண்ணிக்கையில்தான் விசா கிடைத்தது. நான் கணக்கு எழுதும் ஒரு சிறு லாட்ஜில், கவுன்டருக்குப் பின்னால் சாவி மாட்டும் பலகை ஒன்று உண்டு. அந்தக் குளிர்காலத்தில் பாதிச் சாவிகள் ஆணியிலேயே தொங்கின. லாட்ஜ்காரர் அறை பெருக்கும் பெண்கள் மூவரில் ஒருவரை நிறுத்தினார். அந்தப் பெண் சைதாப்பேட்டையில் இருப்பவர். டாக்காவில் யார் பிரதமர் என்று அவருக்கு எதற்குத் தெரிய வேண்டும்? ஆனால் அவருடைய மாதச் சம்பளம் அதனால்தான் போனது.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதை விட்டுவிட்டுப் பேச எனக்கு மனம் வரவில்லை. அறுவை சிகிச்சைக்குப் பின் மறுபரிசோதனைக்கு வரவேண்டியவர்கள் விசாவுக்காக அங்கே காத்துக்கிடந்தார்கள். நமக்கு வருமானம் போனது. அவர்களுக்கு நாள் போனது.

அறை வாடகை பற்றி ஒரு வரி: நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரையிலான அறைக்கு ஜிஎஸ்டி 12-இலிருந்து 5 ஆகக் குறைந்திருக்கிறது. நோயாளியுடன் வந்து தங்குகிறவர்கள் பில்லில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியைக் குறைத்தது. என் தவணை ஏன் குறையவில்லை?

ரெப்போ என்பது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டி. 2025-இல் நான்கு முறை குறைத்தார்கள், 6.5 ஆக இருந்தது டிசம்பரில் 5.25 ஆனது. உங்கள் கடன் எந்த வகை என்பதைப் பொறுத்தது. வங்கியில் வாங்கிய, ரெப்போவுடன் இணைந்த வீட்டுக்கடன் என்றால் மூன்று மாதத்துக்குள் வட்டி மாறியாக வேண்டும். 20 லட்சம், 20 ஆண்டு என்று வையுங்கள். 9 சதவீதத்தில் தவணை சுமார் 17,995. 7.75-இல் சுமார் 16,420. மாதம் 1,575 ரூபாய் வித்தியாசம். ஆனால் பல வங்கிகள் தவணையை அப்படியே வைத்துவிட்டு மாதங்களின் எண்ணிக்கையைக் குறைத்துவிடும். உங்களுக்குத் தவணை குறைய வேண்டுமானால் கிளைக்குப் போய் எழுதிக் கொடுங்கள்.

நகைக்கடன், குழுக்கடன் வாங்கியவர்களுக்கு இந்தச் செய்தியால் ஏற்கெனவே ஓடும் கடனில் ஒன்றும் மாறாது. நம் பக்கத்தில் அவர்கள்தான் அதிகம்.

தங்கம் ஏறிக்கொண்டே போகிறது. இருக்கும் நகைக்கு இன்னும் கூடுதலாகக் கடன் தருகிறோம் என்கிறார்கள். வாங்கலாமா?

2025 ஜனவரியில் சவரன் 57,000 ரூபாயை ஒட்டி இருந்தது. டிசம்பரில் ஒரு லட்சத்தைத் தாண்டியது. அதே நாலு சவரன் சங்கிலிக்கு முன்பைவிட மிக அதிகமாகக் கடன் கிடைக்கும். அந்தச் சங்கிலி மாறவில்லை. அதைத் திருப்ப உங்களுக்கு வரும் சம்பளமும் மாறவில்லை. மூட்டை வராத வாரங்களில் இந்தக் கூடுதல் கடனை எடுத்து மளிகைக்குப் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். மகள் கல்யாணத்துக்கு என்று வைத்திருந்த நகை அது. அதனால் வேண்டாம் என்பதே என் பதில். மருத்துவச் செலவு போல வேறு வழியே இல்லாதபோது மட்டும்.

வாங்கத்தான் வேண்டும் என்றால் ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் வெளியிட்ட விதிகளைத் தெரிந்துகொள்ளுங்கள். இவற்றைப் பின்பற்ற 2026 ஏப்ரல் 1 வரை கெடு கொடுத்தார்கள். இரண்டரை லட்சம் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை தரலாம். ஐந்து லட்சம் வரை 80. அதற்கு மேல் 75. முழுவதையும் கட்டி முடித்தபின் ஏழு வேலை நாட்களுக்குள் நகையைத் திருப்பித் தர வேண்டும். அவர்கள் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு.

குழுக்கடன் வசூலுக்கு ராத்திரியில் வந்து வாசலில் உட்காருகிறார்கள். அவர்களுக்கு அந்த உரிமை உண்டா?

கிடையாது. இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். ரிசர்வ் வங்கியின் 2022 விதிப்படி, நுண்கடன் வசூலுக்காகக் காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் கூப்பிடுவதே கடுமையான வசூல் முறையாகக் கருதப்படும். மிரட்டுவது, கெட்ட வார்த்தை பேசுவது, உறவினரையும் அக்கம்பக்கத்தாரையும் தொந்தரவு செய்வது எல்லாம் அதில் சேரும். ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை உள்ள குடும்பத்துக்கு அடமானமில்லாமல் தரும் கடன்தான் நுண்கடன். எல்லாக் கடன்களின் தவணையும் சேர்ந்து குடும்ப மாத வருமானத்தில் பாதியைத் தாண்டும்படி கடன் கொடுத்திருக்கவே கூடாது. முன்கூட்டியே கட்டி முடித்தால் அபராதம் வாங்கவும் கூடாது.

எங்கள் தெருவில் ஒரு பெண் தவணை நாளில் வீட்டைப் பூட்டிக்கொண்டு தன் அம்மா வீட்டுக்குப் போய்விடுவார். அவர் ஏமாற்றுக்காரர் அல்ல. கம்பெனியில் ஓவர்டைம் நின்றிருந்தது, அவ்வளவுதான். வசூலுக்கு வந்தவர் பக்கத்து வீட்டு வாசலில் உட்கார்ந்து எல்லோருக்கும் கேட்கும்படி பேசினார். அந்த விதிகளை ஒரு தாளில் எழுதி, "இதைக் காட்டுங்கள் அம்மா" என்று கொடுத்தேன். அடுத்த முறை வந்தவர் பகலில் வந்தார்.

நூறு நாள் வேலை இருக்குமா, இருக்காதா?

2025 டிசம்பரில் பழைய சட்டத்துக்குப் பதிலாக நாடாளுமன்றம் புதுச் சட்டம் நிறைவேற்றியது. நாட்கள் 125 என்று எழுதியிருக்கிறது. ஆனால் செலவில் 40 சதவீதத்தை மாநிலம் ஏற்க வேண்டும்; விதைப்பு, அறுவடைக் காலங்களில் 60 நாள் வரை வேலையை நிறுத்தி வைக்கலாம். பழைய திட்டத்தில் 2025–26-இல் தமிழ்நாட்டுக் கூலி நாளொன்றுக்கு 336 ரூபாய். கே.வி.குப்பம், அணைக்கட்டு பக்கத்துப் பெண்களின் அனுபவத்தில், அறிவித்த நாட்களைவிடக் கிடைத்த நாட்கள் எப்போதும் குறைவு. கூலியும் தாமதமாகத்தான் ஏறியது. ஆகையால் 125 என்ற எண்ணைக் கேட்டு மகிழ்வதற்கு முன், வேலை அட்டையில் எத்தனை நாள் பதிவாகிறது என்று மாதாமாதம் பாருங்கள்.

பனப்பாக்கத்தில் ஆயிரக்கணக்கில் வேலை என்கிறார்கள். மகனைக் காத்திருக்கச் சொல்லலாமா?

ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கம் சிப்காட் தொழிற்பேட்டையில் டாடா மோட்டார்ஸின் 9,000 கோடி ரூபாய்க் கார் தொழிற்சாலைக்கு 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். அதே ஆண்டு தோல் அல்லாத காலணித் தொழிற்சாலைக்கும் அடிக்கல் நாட்டினார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் அறிவிப்பில் வரும் வேலை எண்ணிக்கை பல ஆண்டுகளில் படிப்படியாக நிறைவேற வேண்டியது. காத்திருக்கும் காலத்தில் ஐ.டி.ஐ.யில் ஒரு தொழில் படிக்கச் சொல்லுங்கள்.

தொழிலாளர் சட்டம் மாறியதே, சம்பளச் சீட்டில் என்ன பார்க்க வேண்டும்?

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. வேலைக்குச் சேரும் ஒவ்வொருவருக்கும் நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும். படிகளை ஏற்றிக் காட்டி அடிப்படைச் சம்பளத்தைக் குறைக்க முடியாதபடி, மொத்தத்தில் பாதியாவது ஊதியமாகக் கணக்கில் வர வேண்டும். குறிப்பிட்ட காலத்துக்கு என்று எடுத்தவர்களுக்கும் ஓராண்டு முடிந்தால் கிராஜுவிட்டி (பணிக்கொடை) உண்டு. ஓவர்டைமுக்கு இரட்டைக் கூலி என்பது பழைய சட்டத்திலேயே இருந்ததுதான்.

ஷூ கம்பெனியில் ஸ்டிச்சிங் பிரிவில் இருக்கும் ஒரு தங்கை தன் சீட்டை என் மேஜையில் விரித்தார். ஓவர்டைம் கட்டத்தில் மூன்று மாதமாகப் பூஜ்யம். பி.எஃப்., இ.எஸ்.ஐ. எண்கள் சரியாக இருந்தன. சீட்டை நான்காக மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டே, "வீட்டில் அப்பர் தைக்கும் என் நாத்தனாருக்கு இதெல்லாம் உண்டா, அண்ணா?" என்று கேட்டார்.

நாத்தனாருக்குச் சம்பளச் சீட்டே கிடையாது. ஆனால் தமிழ்நாட்டில் காலணி, தோல் பொருள், தோல் பதனிடும் தொழிலாளர்களுக்கு என்று தனி நல வாரியம் இருக்கிறது. 18 முதல் 60 வயது வரை பதிவு செய்யலாம். பிள்ளைகள் படிப்புக்கு உதவி, திருமண உதவி, 60 வயதுக்குப் பின் ஓய்வூதியம், விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு உதவித்தொகை எல்லாம் உண்டு. ஆதார், ரேஷன் அட்டை, வங்கிப் புத்தகம், போட்டோ ஆகியவற்றுடன் நாத்தனாரை அழைத்துவரச் சொன்னேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரோடு இன்னும் நான்கு பெண்கள் வந்தார்கள்.